மிஸ்ஸாயி என்று ஒரு சொல்

மக்களே,

நீ சொன்னதை நான் செய்யவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவதுதான் உனக்கு நான் தரும் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணம் பேச ஜானகியின் அப்பாவும் அம்மாவும் ஸ்ரீவராகத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். பத்து மணிக்கு வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். சாயங்காலம் நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டு "எப்படி இருந்துதும்மா?" என்று கேட்டபோது, "வந்தாங்க, போனாங்க, மிச்சத்த எழுதுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மிச்சம்தான் இது. கொஞ்சம் நீளம். நடுவில் கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வா. கடைசிவரை படிக்காமல் மட்டும் எனக்குப் போன் செய்யாதே.

வியாழக்கிழமை நீ பேசியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, தோக்கு விஷயம் அவங்க காதுல விழ வேண்டாம்."

"எந்தத் தோக்கு?" வீட்டில் இருப்பது ஒரே துப்பாக்கி என்று தெரிந்தும் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"கொள்ளாம். நம்ம வீட்ல நாலஞ்சு தோக்கு இருக்கா? அவங்க முட்டைகூடத் தொடாதவங்கம்மா. எறும்பு தின்னட்டும்னு அரிசி மாவுல கோலம் போடுற ஆளுங்க. நீ பன்னிக்கு வெடிவைக்கப் போறேன்னு தெரிஞ்சா அந்த மாமி மயங்கி விழுந்துருவாங்க."

"அலமாரியில பூட்டித்தானே வச்சிருக்கேன்."

"பேச்சுலயும் பூட்டி வை. ஒரு அஞ்சு மணிக்கூர் போதும். ஃபிசிக்ஸ் டீச்சர்னு மட்டும் சொல்லு. அது நெசந்தானே?"

நிஜம்தான். பாதி நிஜம். அப்படிப் பாதி நிஜத்தைச் சொல்லி நான் ஒரு மனிதரின் தொடையைக் கிழித்திருக்கிறேன், மக்களே. உனக்குத் தெரிந்த கதை வாட்ஸப்பில் வந்த கதை: போன வருடம் கர்க்கடக மாதத்தில் உன் அம்மா ஒற்றை வெடியில் பெரிய ஆண் பன்றியைச் சாய்த்தாள், ஊரே கொண்டாடியது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் ஒளித்துவைத்த ஒன்பது நாட்களை உன்னிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன் என்பதற்கு அதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி என் அப்பாவுடையது என்பது உனக்குத் தெரியும். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கல்லாற்றுக்கு இந்தப் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் வைத்தவர் அவர். பயிர்க்காவலுக்கு என்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவர் இறந்தபிறகு, ஒரே பிள்ளையான நான் அதை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். விற்றுவிடச் சொன்னவர்கள்தான் அதிகம். உன் அப்பாவும் அந்தக் கட்சிதான். பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற மனிதர், பாவம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வருட வாழையும் உழுது போட்டதுபோலக் கிடந்த காலையை நான் பார்த்திருந்தேன். ஆயுதப் பயிற்சிக்குப் போனேன். முப்பது ஆண்களுக்கு நடுவே சுடிதார் போட்டுக்கொண்டு நான் ஒருத்தி. பயிரை அழிக்கும் பன்றியைச் சுடப் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு தரலாம் என்று வந்தபிறகு, லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தார்கள்.

சுடுகிறவனை இங்கே சொல்வதுபோல, பட்டியலில் மற்றவர்கள் எல்லாரும் 'வெடிக்காரன்'. என்னை என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைப் பெண்பாலாக்கினால் மலையாளத்தில் வேறு ஒரு கெட்ட அர்த்தம் வந்துவிடும். அது என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் சட்டைப் பொத்தான் அறுந்து, உதடு கிழிந்து நீ வீட்டுக்கு வந்தாய். கீழே விழுந்துவிட்டேன் என்றாய். எதற்காக யாருடன் சண்டை போட்டாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாம் இருவருமே ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரர்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லை வைத்து ஊர் சிரித்த சிரிப்பை நான் பொருட்படுத்தவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒவ்வொரு முறை துப்பாக்கியைத் தோளில் மாட்டும்போதும், குறி தவறினால் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடும். அதனால்தான் எல்.ஜி. தோட்டாவையே போட்டுக்கொண்டிருந்தேன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். எல்.ஜி.க்குள் கொண்டைக்கடலை அளவில் ஏழெட்டு ஈய உருண்டைகள் இருக்கும். வெடித்தால் பரவிப் போகும். காலடியால் அளந்து பத்துப் பதினைந்து எட்டுக்குள் பன்றி நின்றால் பிழைக்காது. தூரம் கூடக் கூட ஒவ்வோர் உருண்டையும் தன் வழியில் போய்விடும், வேகமும் குறைந்துவிடும். ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டு அப்படியல்ல. கட்டைவிரல் நுனி அளவில் ஒரே ஈயத்துண்டு. பட்டால் பன்றி நின்ற இடத்திலேயே விழும். படாவிட்டால் எங்கும் படாது. அந்த 'படாவிட்டால்' என்பதற்குத்தான் எனக்குப் பயம். எல்.ஜி.யில் ஏழெட்டில் ஒன்றாவது படாதா என்ற ஆறுதல் இருந்தது. முதல் இரண்டு பன்றிகள் கிட்டத்தில் நின்றதால் விழுந்தன. நான் நினைத்தேன், எனக்கு வந்துவிட்டது என்று.

மூன்றாவது, ஞானமுத்து அண்ணனின் தோட்டத்தில். அவரை உனக்குத் தெரியும், நம் வேலிக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவர். ஓணத்துக்கு விற்க என்று முன்னூறு ஏத்தவாழை வைத்திருந்தார். அதில் பாதியைப் பன்றி சாய்த்துவிட்டது. உத்தரவு வாங்கி, மழைவிட்ட ஒரு சாயங்காலம் போய் நின்றேன். அது வந்தது. வெளிச்சம் இருந்தது, ஆனால் தூரம் ஐம்பது எட்டு இருக்கும். இயற்பியல் படித்த எனக்கு, பரவிப்போகும் உருண்டைக்கு அந்தத் தூரம் எவ்வளவு அதிகம் என்று தெரியாதா? தெரியும். விரல் கேட்கவில்லை. ஒன்றாவது படாதா என்று அழுத்திவிட்டேன்.

அது கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடை இறங்கிப் போய்விட்டது. நான் அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாழையிலையில் நீளமாக ஒரு கோடு ரத்தம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்து அதைக் கழுவியது. வரப்பில் நின்று போனை எடுத்தேன். வார்டு வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் முடிவு கேட்டுக்கொண்டிருந்தார்கள், "டீச்சரே, எந்தாயி?" என்று. காயம்பட்டுவிட்டது, யாரும் தனியாகப் போகாதீர்கள் என்று எழுத வேண்டும். எழுதினால், காயம்பட்ட பன்றியை விட்டுவிட்டு வந்த பெண் என்று நாளைக்குப் பேசுவார்கள். நான் ஒரே ஒரு சொல்லைத் தட்டினேன். 'மிஸ்ஸாயி.'

தவறிப் போவதில் அவமானம் குறைவு, பார். வெடிக்காரர்கள் எல்லாருக்கும் தவறும். பட்டியலில் மூத்தவரான சசி சேட்டன் உடனே, "சாரமில்ல டீச்சரே, நாளெ நோக்காம்" என்று ஆறுதலாக எழுதினார். யாரோ ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்று போட்டார். ஒரு சிரிப்போடு முடிந்ததே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து, உன் அப்பாவுக்குத் தோசை சுட்டேன். நீ அன்றைக்குக் கூப்பிட்டாய். பேசிக்கொண்டே தோசையைக் கருக்கினேன். "என்னம்மா சத்தம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். மழைச் சத்தம் என்றேன்.

ஒன்பது நாள். தினமும் விடிகாலையில் பள்ளிக்குப் போவதற்கு முன் நான் தனியாக ஓடைக்கரையில் தேடினேன். செத்துக் கிடந்தால் நாற்றம் வரும் என்று மூக்கை வைத்துத் தேடினேன். உன் அப்பா என்ன நடை இது என்று கேட்டதற்கு, டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். ஒரு பொய் தனியாக இருக்காது, அதற்குத் துணைக்கு ஆள் வேண்டும். ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு ஞானமுத்து அண்ணன் ரப்பர் தோட்டத்துக்குத் தனியாகப் போனார். ஏன் போகமாட்டார்? மிஸ்ஸாயி என்றல்லவா நான் எழுதியிருந்தேன். மூன்றாவது மரத்தில் குனிந்தபோது அந்தப் பன்றி பின்னாலிருந்து வந்து இடித்திருக்கிறது. கொம்புபோல நீண்ட தேற்றைப்பல் தொடையை முழங்கால்வரை திறந்துவிட்டது. எலும்பும் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வெளியே மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. ஆரஞ்சு எல்லாம் எதுக்கு?"

"அண்ணே, அது நான் சுட்ட பன்னி."

"நீங்க சுட்டதுதான் மிஸ்ஸாயிப் போச்சே."

"மிஸ்ஸாகல. பட்டுது. ரத்தத்த நான் பாத்தேன். வெக்கப்பட்டு மறைச்சிட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பி மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "முன்னமே சொல்லியிருந்தா நாய கூட்டிட்டுப் போயிருப்பேன் டீச்சர். அவ்வளவுதானே வேணும்? நாய்தானே?" இன்னொன்றும் சொன்னார். "இப்ப அது நொண்டிக்கிட்டு அலையுது. ஸ்கூல் பிள்ளைங்க அந்த வழிதான் நடக்குது. நீங்களே தீர்த்துருங்க. வேற ஆள விடாதீங்க."

அங்கேயே, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். மிஸ் ஆகவில்லை, பட்டது, மறைத்தது நான், ஞானமுத்து அண்ணனுக்கு நடந்ததற்குக் காரணம் நான், அந்த வழியில் யாரும் தனியாகப் போக வேண்டாம் என்று ஐந்து வரி. அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டேன். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், லைசென்ஸும் போகலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் சசி சேட்டன் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சரே, ஒரு காரியம் பறயட்டே. ஞான் மூணு பிராவஸ்யம் மிஸ்ஸாயின்னு எழுதியிட்டுண்டு."

"அதனால என்ன சேட்டா?"

"மூணும் கொண்டதா."

மூன்று தடவை மிஸ் என்று எழுதியிருக்கிறார், மூன்றும் பட்டவை. இருபத்தைந்து வருட வெடிக்காரர். யாரிடமும் சொன்னதில்லையாம். பெயரை எடுக்கிற பேச்சு பஞ்சாயத்தில் வந்ததாகவும், டீச்சர் பெயரை எடுத்தால் என் பெயரையும் எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார். பிறகு உன் அப்பா கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு, "எல்.ஜி. வேண்ட டீச்சரே. ஒற்றக் குண்டு மதி" என்றார். ஒற்றைக் குண்டு போதும்.

அடுத்த மூன்று நாள் நான் சுடும் பயிற்சிக் களத்துக்குப் போனேன். நம் துப்பாக்கிக்குக் குறிபார்க்கக் குழல் நுனியில் ஒரு சின்ன மணிதான் உண்டு. எல்.ஜி.க்கு அது போதும். ஒற்றைக் குண்டுக்கு, நம் குழல் குண்டை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று விரல்கணக்காகத் தெரிய வேண்டும். முப்பது மீட்டரில் அட்டையை வைத்து வலது குழலில் சுட்டேன். நான் குறிவைத்த இடத்துக்கு நான்கு விரல் இடப்பக்கம் போனது. இரண்டாவதும் நான்கு விரல். மூன்றாவதும் அதே இடம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தவறுதான், ஆனால் ஒரே மாதிரித் தவறு. எவ்வளவு தவறும் என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஈடுகட்டிக் குறிவைக்கலாம். அப்பாவின் துப்பாக்கியை அத்தனை வருடம் வைத்திருந்தும் அன்றைக்குத்தான் அது எனக்குச் சொந்தமானது. தோள் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. போர்டில் எழுதக் கையைத் தூக்க முடியாமல், பிள்ளைகளையே எழுதச் சொல்லிப் பாடம் நடத்தினேன்.

நாலாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். சசி சேட்டனின் நாய்கள், இன்னும் இரண்டு வெடிக்காரர்கள், நான். ஓடைக்கு மேலே, யாரும் வெட்டாமல் விட்ட புதர்க்காட்டில் அது படுத்திருப்பதாகத் தடம் சொன்னது. என்னைக் கிழக்கு மூலையில் ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் சுடக்கூடாது, டீச்சருக்கு விட வேண்டும் என்று சசி சேட்டனே சொல்லிவிட்டார். ஞானமுத்து அண்ணன் அவரிடமும் பேசியிருக்கிறார். நாய்கள் உள்ளே போயின. சத்தம் எழுந்தது. என் வலது குழலில் ஒற்றைக் குண்டு. இடது குழலிலும் ஒன்று. பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு மிஸ்ஸாயிதான். பயந்தேன். மரத்தில் சாய்ந்துகொண்டேன்.

அது வெளியே வந்தது. இருபது எட்டுகூட இல்லை. இவ்வளவு பெரிதா! தோளில் மயிர் சிலிர்த்து நின்றது. பின்னங்கால் இழுபட்டது. பக்கவாட்டில் முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றது. குழலை ஏற்றினேன். மணிக்கு அப்பால் பன்றி. பன்றிக்கு அப்பால், புதர்ச் சந்தில், நீலத் தகரச் சுவர். ஞானமுத்து அண்ணனின் அடுக்களை.

"வெய்க்கு டீச்சரே! வெய்க்கு!" சசி சேட்டன் சுடச் சொல்லிக் கத்தினார்.

நான் சுடவில்லை. பன்றி என்னைப் பார்த்தது, திரும்பி மறுபடி உள்ளே போய்விட்டது. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் ஓடி வந்தார், முகமெல்லாம் வியர்வை. "எந்து பற்றி? பேடிச்சோ?"

"பின்னால வீடு சேட்டா."

அவர் திரும்பிப் பார்த்தார். தகரச் சுவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே நாய்களை மறுபக்கம் சுற்றிக் கொண்டுபோனார். மகனே, உன் அம்மாவின் வாழ்க்கையில் பெருமைப்படும்படி ஏதாவது உண்டென்றால் சுட்ட அந்தக் குண்டைவிட, சுடாத இந்தக் குண்டுதான் என்று நான் நினைக்கிறேன். பயந்துவிட்டாள் என்று சொல்வார்கள் என்ற எண்ணமே அந்த நிமிடத்தில் எனக்கு வரவில்லை. அப்படி ஒரு நிமிடம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

அரைமணி நேரம் கழித்து அது மேற்குப் பக்கம் இறங்கியது. அங்கே ரோடு போட மண் வெட்டிய இடம், ஆளுயரத்துக்கு மேலே செம்மண் சுவராக நிற்கும். அதன் முன்னால் வந்து ஒரு கணம் நின்றது. பிறகு எண்ணிப் பார்த்தோம், முப்பத்திரண்டு எட்டு. ஆண் பன்றிதான், கூடக் குட்டிகள் இல்லை, பின்னால் மண். இடது கண்ணை மூடினேன். முன்னந்தோளுக்கு நான்கு விரல் வலப்பக்கம் மணியை வைத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். அழுத்தினேன்.

கத்தலே இல்லை. நான்கு காலும் ஒரே நேரத்தில் மடிந்தன, அவ்வளவுதான். ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் திரும்பக் கேட்டபோதுதான் முடிந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. கிட்டே போனேன். பின்தொடையில் என் பழைய காயம் இரண்டு, புழு வைத்திருந்தது. அதைத் தொட்டேன். பன்றியிடம் மன்னிப்புக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று உன் அப்பா சொன்னார். இருக்கட்டும், கேட்டேன். அங்கேயே போனை எடுத்துக் குரூப்பில் ஒரே சொல் எழுதினேன். 'கொண்டு.' பட்டது என்று.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கு வீடியோவில் வந்தது. வீடியோவில் வராததைச் சொல்கிறேன். சட்டப்படி ஆழக் குழிதோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட்டு, சேறும் வியர்வையுமாக ரோட்டில் நடந்து வந்தோம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் வழிவிட்டு நின்றார்கள். சசி சேட்டன் வழிவிடச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி, "மாறிக்கோ, மாறிக்கோ, வெடிக்காரி வருந்நு!" என்றார். சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது நான்தான், வயிறு வலிக்கிற மாதிரி. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு இருந்தது. இப்போது பஞ்சாயத்துப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் எனக்கு அதுதான் பெயர். நீ யாருக்காக உதடு கிழித்துக்கொண்டாயோ அவள் அந்தச் சொல்லை எடுத்துக் கழுவித் தன் பெயரில் போட்டுக்கொண்டுவிட்டாள். இனிமேல் அதற்காகச் சண்டை போடாதே.

உன்னை வளர்த்ததிலும் நான் எல்.ஜி. அம்மாதான், மக்களே. மெடிக்கல், இன்ஜினியரிங், சட்டம், விவசாயம் என்று அந்த ஒரே வருடத்தில் எத்தனை நுழைவுத் தேர்வுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன்! ஏழெட்டில் ஒன்றாவது படாதா என்பதுதான். நீ சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நம் ஓடையையும் மலையையும் வரைபடமாக வரைந்துகொண்டே இருந்தாய். அது என் கண்ணில் படவே இல்லை. வரைபட வேலைக்குப் போகிறேன் என்று நீயாகச் சொன்ன நாளில் நான் அழுதேன். அது மிகவும் தவறு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்ல வேண்டியது என்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, இது ஒன்றுதான்: பட்டதைப் பட்டது என்று சொல். ஜானகி மனம் நோகும்படி ஏதாவது செய்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று நீ நகர்ந்துபோனால் அது புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள் வெளியே வரும்போது எதிரில் நிற்பது வேறு யாராவதாக இருப்பார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சத்தியமாக, நான் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஜானகியின் அப்பா நம் வீட்டு வாழைக்காய் உப்பேரியை ருசித்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் அம்மா பேச்சுக்காகக் கேட்டாள்: "பிள்ளையும் பெங்களூர்ல. பொழுது எப்படிப் போறது மாமி உங்களுக்கு?"

"ஸ்கூல் இருக்கு. தோட்டம் இருக்கு. பஞ்சாயத்துல கூப்பிட்டா பன்னிக்கு வெடிவைக்கப் போவேன்."

உன் அப்பா இருமினார். ஜானகியின் அப்பாவின் கையில் உப்பேரி பாதி வழியில் நின்றது. "வெடின்னா... ஓலப்படக்கப் பட்டாசா? வெரட்டறதுக்கா?"

"இல்ல சார். தோக்கு."

மாமி மயங்கி விழவில்லை. நான் எதிர்பார்த்த எதையும் அவள் கேட்கவில்லை. பாவமில்லையா என்று கேட்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "அது கஷ்டப்படுமோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஃபிசிக்ஸ் டீச்சர் என்று பதில் சொல்ல முடியாது, மகனே. "சரியாப் பட்டா, தெரியுறதுக்கு முன்ன முடிஞ்சிரும் மாமி. சரியாப் படலைன்னா கஷ்டப்படும். ஒண்ணு ஒன்பது நாள் கஷ்டப்பட்டுது. என்னால" என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். ரத்தம், மிஸ்ஸாயி, ஞானமுத்து அண்ணன், எல்லாவற்றையும். அதில் பாதி உன் அப்பாவுக்கே புதிது. விடிகாலை நடையை டாக்டர் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சொல்லி முடித்தபோது, உன் கல்யாணத்தை நான் சுட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குப் பயம் இல்லை.

மாமி கணவரைப் பார்த்தாள். "ஏன்னா, சொல்லிடலாமே."

"இப்பவா?"

"பின்னே எப்போ? தாலி கட்டினப்பறமா?" என்னிடம் திரும்பினாள். "ஜானகிக்கு இடது காது கேக்காது மாமி. நாலு வயசுல ஜுரத்துல போனது. உங்க பிள்ளைக்குத் தெரியும். உங்ககிட்ட வாயத் திறக்கப்படாதுன்னு நாங்கதான் அவன்கிட்ட சத்தியம் வாங்கிண்டோம். அந்தப் பாவத்த அவன் தலையில வைக்கப்படாது."

இரண்டு பக்கமும் ஒளித்து வைக்கிற வேலையை நீ ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் தோக்கைப் பூட்டச் சொன்னாய், அவர்களுக்காக உன் வாயைப் பூட்டிக்கொண்டாய். எத்தனை மாதம், மக்களே? எவ்வளவு களைத்திருப்பாய்!

"நான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுத்தான் குறி பாக்கேன் மாமி. ஒத்தக் காதுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜானகியின் அப்பா அந்த உப்பேரியை ஒருவழியாக வாயில் போட்டுக்கொண்டார். தேதி குறித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கிளம்பும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்காத்துல இனிமே எதையும் மூடி வைக்கப் போறதில்லை" என்றாள். நானும் அப்படியே என்றேன்.

முன்பு ஒருநாள் பத்மநாபசுவாமி கோயில் தெருவில் நீயும் ஜானகியும் நானுமாக நடந்தபோது, எத்தனை சைக்கிளும் ஆட்டோவும் குறுக்கே வந்தாலும் நீ சுற்றிச் சுற்றி அவளுடைய வலப்பக்கமே வந்து சேர்ந்துகொண்டாய். ஏதோ இளசுகளின் விளையாட்டு என்று நினைத்தேன். இனிமேலும் வலப்பக்கமே நட. கல்யாணத்தன்று, எல்லார் எதிரிலும், அவளுக்குக் கேட்கும் காதுப் பக்கமாக நின்று சத்தமாகப் பேசு. நான் இடப்பக்கம் நின்றுகொள்கிறேன்.

அம்மா